பஸ்ராவிலிருந்து வந்த ஓட்டுகள்

தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் பட்டம்மாள் அன்றைக்கு ஒரு கூடைதான் இடித்தாள். உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புடவையில் படிந்திருந்த தூளை உதறினாள். தொட்டித் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தும் உள்ளங்கைக் கறை போகவில்லை. சுண்ணாம்புக் குழிகளின் பக்கமிருந்து மேஸ்திரி வேலாயுதம் வந்தார்.

"எங்கே கெளம்பிட்டே?"

"ஓட்டுப் போடப் போறேன் மேஸ்திரி. நேத்தே சொன்னேனே."

"உனக்கு ஓட்டா? எனக்கே கெடையாது." மேஸ்திரி சிரித்தார். "போ போ. மத்தியானத்துக்குள்ள வந்துரு. ஊறப் போட்ட தோலு நிக்காது."

சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே அப்போது ஓட்டு; பட்டம்மாளுக்கு அது அவள் புருஷனால் வந்தது. எல்லப்பன் இதே ஆம்பூரில் தோலின் சதையைச் சீவும் வேலையில் இருந்தவன். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்களோடு சேரியிலிருந்து ஏழு பேர் போனார்கள். கப்பலேறிப் போன பஸ்ராவிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு சர்க்கார் காகிதம் வந்தது. ஆற்றைக் கடக்கும்போது ஏழு பேரும் காணாமற்போனார்கள் என்று அதில் எழுதியிருந்தது. செத்தார்கள் என்று எழுதவில்லை. அப்படி எழுதித் தரச் சொல்லி ஏழு பெண்களும் வேலூருக்கும் சென்னைக்கும் மனுப் போட்டுப் பார்த்தார்கள். உடல் கிடைக்காமல் எழுத முடியாது என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. விதவை பென்ஷன் இல்லை. தாலியும் இறங்கவில்லை. இருபத்தோரு வருஷம் போய்விட்டது.

மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் சௌந்தரம்தான் புதுச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தாள். அவளுடைய அப்பா அதே பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். பட்டாளத்திலிருந்து விடுபட்டவனுக்கு ஓட்டு உண்டு, அவன் மனைவி மனுக் கொடுத்தால் அவளுக்கும் உண்டு என்றாள். அந்தப் பட்டாளத்தையே நாலு வருஷத்துக்கு முன் கலைத்துவிட்டார்கள். அப்போது பதிவேட்டில் மிச்சமிருந்த பெயர்கள் எல்லாவற்றுக்கும் எதிரே 'விடுவிக்கப்பட்டவர்' என்று எழுதி மூடியிருந்தார்கள். அந்த ஏழு பெயர்களும் அதில் இருந்தன. சௌந்தரம் ஏழு மனுக்களையும் தன் கையால் எழுதினாள். 'கணவர் தற்போது இருக்குமிடம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. பிறகு 'வெளியூர்' என்று எழுதினாள்.

அச்சடித்த வாக்காளர் பட்டியலில் பெண்களின் பெயர்களோடு புருஷன்மார் பெயர்களும் இருந்தன. சௌந்தரம் எல்லப்பன் பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். பட்டம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியின் மேல் விரலை வைத்து, சூடு பார்ப்பதுபோல் எடுத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மேஜை ஒன்றுதான். பட்டம்மாளுக்குப் பின்னால் ரெபேக்காள் நின்றாள். அவள் புருஷன் அந்தோணியும் அந்த ஏழு பேரில் ஒருவன்.

"புருஷன் பேர் என்ன?" என்றார் குமாஸ்தா.

பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரெபேக்காள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "எல்லப்பன் சார்."

குமாஸ்தாவின் பென்சில் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"ஓ, உன் புருஷன் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டானே. உன்னைக் கூட்டிண்டு வரலையா?"

"யாரு சாமி?"

"எல்லப்பன். எட்டு மணிக்கே ஓட்டுப் போட்டாச்சு. இதோ கோடு போட்டிருக்கு பாரு."

வரியின் குறுக்கே நீலக் கோடு ஓடியிருந்தது. பட்டம்மாள் அதன் மேல் குனிந்தாள்.

"எப்படி இருந்தாரு சாமி?"

"எத்தனை பேர் வர்றான்! நான் மூஞ்சியப் பாத்துண்டா உக்காந்திருக்கேன்? இந்தா சீட்டு. நகரு."

மறைப்புத் துணிக்குப் பின்னால் இருட்டாக இருந்தது. பெஞ்சின் மேல் மூன்று நிறங்களில் பெட்டிகள். வெளியே நல்ல வெயில், பாலாற்றில் மணல்தான் ஓடியது. ஆனால் பெஞ்சுக்கு முன்னால் தரையில் ஈரக் கால்தடம் ஒன்று இருந்தது. யாரோ பானைத் தண்ணீரில் கால் நனைத்திருக்கலாம். பட்டம்மாள் அதன் மேல் மிதிக்காமல் ஒதுங்கி நின்றாள். சீட்டை எந்தப் பெட்டியில் போட்டாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் ரெபேக்காள் வந்தாள்.

"யக்கா, அந்தோணியும் வந்துட்டுப் போய்ட்டாராம்."

மற்ற ஐந்து பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரிடமும் அதையே சொல்லியிருந்தார் குமாஸ்தா. ஏழு புருஷன்மாரும் எட்டு மணிக்கு, ஒருவர் பின் ஒருவராக. பெண்கள் காம்பவுண்டு சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். வரிசையில் வந்துபோகும் ஆண்களின் முகங்களைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும், "தலை நரைச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டாள்.

சேதி கேட்டு ஓடிவந்த சௌந்தரம், ஒரு வேட்பாளரின் ஏஜெண்டாக நின்ற தோல் மண்டிக் கணக்கர் கோதண்டபாணியிடம் போனாள்.

"ஏழு பேரையும் எங்கேர்ந்து புடிச்சிட்டு வந்தீங்க?"

"இது இன்னா பேச்சு டீச்சர்? லிஸ்ட்ல பேரு இருக்கு. ஆளு வந்தான், போட்டான்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மனுவுல வெளியூர்னு எழுதினது நீதானே? வெளியூர்லேர்ந்து வந்தான்."

சௌந்தரம் உள்ளே போய்த் தேர்தல் அதிகாரியிடம் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"புகார் கொடுக்கலாம்மா. ஏழு பேரும் தங்கள் புருஷன் இறந்துட்டதா எழுதிக் கைநாட்டு வைக்கணும். ஆனா இறந்துட்டான்னா மனைவிங்கிற பேர்ல இவங்க போட்ட ஓட்டு எப்படிச் செல்லும்? பொய் மனுன்னு இவங்க மேலயும் கேஸ் வரும். எழுதிக் கொடுத்த உங்க மேலயும் வரும். யோசிச்சுக்குங்க."

அவள் திரும்பி வந்து பெண்களின் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"வந்தது அவங்க இல்லம்மா. யாரோ கூலிக்கு வந்த ஆளுங்க."

"நீங்க பாத்தீங்களா டீச்சரம்மா?" என்றாள் ரெபேக்காள்.

"பாக்கல."

"பாக்காம எப்டி சொல்றீங்க?"

சௌந்தரம் அதிகாரி சொன்னதைச் சொன்னாள். பட்டம்மாள் கறைபட்ட கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"செத்துட்டார்னு எழுதிக் குடுங்கன்னு இத்தினி வருஷமா சர்க்கார்கிட்ட அலைஞ்சோம். அவங்க எழுதல. இப்ப நாங்க எழுதணுமா?"

"நீங்க எழுதலைன்னா அந்த ஓட்டு அப்படியே நிக்கும்மா."

"நிக்கட்டும் டீச்சரம்மா. அந்தக் கையெழுத்து என்னால ஆவாது."

மத்தியானம் தாண்டியது. தோல் கூடத்தில் சங்கு ஊதியது. ஏழு பேரில் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. சௌந்தரம் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்தது. பெட்டிகளுக்கு அரக்கு வைத்து, கோணி சுற்றி, ரயிலடிக்குப் போக மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு போலீஸ்காரர். வண்டி நகர்ந்ததும் பட்டம்மாள் எழுந்து பின்னால் நடந்தாள். ரெபேக்காள் எழுந்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள்.

"ஏய், எங்கே வர்றீங்க? வூட்டுக்குப் போங்க!" என்று போலீஸ்காரர் தடியை ஆட்டினார்.

வண்டி நின்றால் பெண்களும் நின்றார்கள். நகர்ந்தால் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனபின் போலீஸ்காரர் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். கடைசியில் சௌந்தரமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ரயிலடிச் சாலையில் வேலை விட்டுக் கும்பலாக வந்த தோல் கூலியாட்கள், எதிரே கோணி சுற்றிய பாரத்தையும் பின்னால் பேசாமல் நடந்த பெண்களையும் பார்த்தார்கள். முன்னால் வந்தவன் பேச்சை நிறுத்தினான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். சிலர் கும்பிட்டார்கள்.

"யாரு போய்ட்டது?" என்று ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார்.

வண்டி அவர்களைக் கடந்து போயிற்று.