மூன்றாவது தொங்கட்டான்

அக்கா காய்ச்சலில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் அத்தானுக்கு என்னைக் கட்டிவைப்பதென்று அம்மா முடிவு செய்துவிட்டாள். "ஞாயித்துக்கெழமை அவர் வர்றார். சரின்னு சொல்லிடு" என்றாள். தாயில்லாத பெண் குழந்தையைக் காட்டிப் பேசினால் நான் எங்கே வாயைத் திறக்க? அத்தான் கெட்டவர் இல்லை. அவரைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் சங்கடம்.

அருங்காட்சியகத்தில் பழைய அச்சுப் படங்களைச் சுத்தம் செய்வது என் வேலை. அந்த வாரம் மேஜைக்கு வந்தது ஒரு சீமாட்டியின் படம். ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பரோக் காலத்தில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தது. கழுத்தைச் சுற்றி லேஸ், தோளில் பட்டு, எல்லாம் வெறும் கோடுகள்தான். லேஸின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகச் செதுக்கியிருந்தான் அந்த மகராசன். உருப்பெருக்கிக் கண்ணாடியை முகத்துக்கு நகர்த்தினேன். அங்கே வேறு கை. கோடுகள் அவசர அவசரமாக ஓடின. தலை கழுத்தில் சரியாக உட்காரவில்லை. இரண்டு காதிலும் தொங்கட்டான் இருந்தது; போதாதென்று ஒரு காதுக்குப் பின்னால், நிழலில், இன்னொரு முத்துத் தொங்கட்டான் அந்தரத்தில் தொங்கியது.

"இந்தம்மாவுக்கு மூணு தொங்கட்டான்" என்றேன், படங்களுக்குச் சட்டம் போடும் பக்கத்து மேஜைக்காரியிடம்.

"ஒட்டுக்கேக்க ஒரு காது கூடுதலா வெச்சிருப்பா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் இது நடப்பதுதான். உடையைச் செதுக்க மாதக்கணக்காகும். படத்தில் இருந்தவளுக்கு மவுசு போனதும், தகட்டில் அவள் தலையை மட்டும் சுரண்டித் தேய்த்துவிட்டு, அதே உடம்பில் இன்னொருத்தியின் தலையைச் செதுக்கிவிடுவார்கள். இதில் தலையை மாற்றியவன் இந்தத் தொங்கட்டானைச் சுரண்ட மறந்துவிட்டான். முதல் பெண்ணுடையதாக மிஞ்சியது அது ஒன்றுதான். அத்தானிடம் முடியாது என்று சொல்லிவிட அப்போதே முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் குழந்தையோடு வந்தார். அம்மா அவளைத் தூக்கி என் மடியில் போட்டாள். குழந்தை என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, விரலால் தடவித் தடவிப் பார்த்தது. அக்காவுக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு.

"மச்சம் காணோம். இது சித்தி" என்றது.

"சித்தி இல்லடி. இனிமே அம்மான்னு கூப்பிடு" என்று அம்மா அதட்டினாள்.

உதட்டைப் பிதுக்கிக்கொண்டு "அம்மா" என்றது குழந்தை.

"வேண்டாம்டா கண்ணு. நான் சித்திதான்" என்றேன். பிறகு அத்தானிடம், "என்னால முடியாது அத்தான், மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

அவருக்குப் பெண் கிடைப்பதா கஷ்டம்? சீக்கிரமே கல்யாணம் முடிந்தது. அதோடு எங்கள் வீட்டுக்குப் போக்குவரத்தும் நின்றது. குழந்தையைப் பார்க்காமல் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

வெகுநாள் கழித்து அவர்களைக் கடைத்தெருவில் பார்த்தேன். அத்தானின் புது மனைவி குளிருக்கு அக்காவின் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள்; அவளுக்கே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. கிட்டே போய்க் குனிந்து "கண்ணு" என்றேன். குழந்தை என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு அந்தக் கோட்டைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, இது யாரு?"