படத்தில் இடப்பக்கம் நிற்பவன்

என் பெயர் வீரய்யா. வயது இருபத்துமூன்று. முசிறிப் பக்கத்திலிருந்து வந்து, இலங்கையில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறேன்.

கொக்கிப்புழு நோய்க்கு மருந்து கொடுக்கப் போவதைச் சனங்களுக்குச் சொல்ல ஒரு படம் வேண்டுமென்று, டாக்டரய்யா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் இரண்டு பேரைப் பொறுக்கினார். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். குடியிருக்கும் லயத்துக்கு ஓடி, எண்ணெய் வைத்துத் தலைசீவி வந்தேன். என்னை இடப்பக்கமும் பொன்னையாவை வலப்பக்கமும் நிறுத்திப் படக்காரர் வரைந்தார். துணிப்படம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் தொங்கியபோதுதான் விளங்கியது: நான் மருந்து குடிக்காத நோயாளி. வெளுத்த கண், ஒட்டிய கன்னம், ஊதிய வயிறு. பொன்னையா குடித்துத் தேறியவன். அவன் மார்புக்குப் படக்காரர் தாராளமாகச் சாயம் செலவழித்திருந்தார்.

ரெங்கம்மா கூடையை இறக்கிவிட்டு அந்த மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பெண்கேட்டு வரும்படி அம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். அவளுக்கும் இதே நோய். மலை ஏறும்போது நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறாள். போன மழையில் இதே நோயில்தான் அவள் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

மருந்து நாளன்று டாக்டரய்யாவுக்கு ஒத்தாசையாகப் பொன்னையா குவளைகளை நிரப்பினான். ஒருவரும் தொடவில்லை. கங்காணி பெண்டாட்டிதான் வாயைத் திறந்தாள்.

“நல்ல காரியம்னா வலது காலத்தானே முன்ன வைக்கிறோம்? படத்தையும் வலப்பக்கத்துல இருந்துதானே பாக்கணும்? மொத ஆளு பொன்னையா. மருந்தக் குடிக்கிறான். அப்புறம் பாரு, வீரய்யாவா ஆயிடுறான்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அடே பொன்னையா, மருந்து கையில பட்டிருக்கும், நல்லாக் கழுவிக்கடா. கல்யாணமாகாத பய!” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

டாக்டரய்யா தொண்டை வறள விளக்கினார். துரை பக்கத்து ஆள் சொன்னால் யார் நம்புவார்கள்? ரெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நான் பேசாமல் இருந்தால் அவள் குடிக்கமாட்டாள். பேசினால், அவள் அப்பன் எதிரிலேயே நோய்க்காரன் நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும்.

“படம் எங்கிட்ட இருந்துதாங்க ஆரம்பிக்குது,” என்று முன்னால் போனேன். “நோய்க்காரன் நான்தான். இந்தா குடிக்கிறேன், பாத்துக்குங்க.”

குடித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்துக் காட்டினேன். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் நின்றேன்.

ரெங்கம்மா கிட்டே வந்தாள். “இதக் குடிச்சா நெசமாவே அவரு மாதிரி ஆயிடுவீங்களா?” என்று பொன்னையாவைக் காட்டிக் கேட்டாள்.

“ஆயிடுவேன்,” என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். பின்னாலேயே வரிசை நகர ஆரம்பித்தது. பொன்னையா அவள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்தான். எனக்கு யாரும் வைக்கவில்லை. அவள் சீனியை நக்கிக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் முசிறிப் பக்கம் போனால் எங்கம்மாவிடம் சொல்லுங்கள். ரெங்கம்மாவுக்கு இனி மலையேற மூச்சு வாங்காது. தாமதிக்காமல் கப்பலேறி வந்து பெண் கேட்கச் சொல்லுங்கள்.