சிவப்பு எழுத்தில் ஒரு கல்யாணத் தேதி

ரூபினி எழுதிய ப்ரோகிராம்களிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது, ஆடி மாதத்தில் கல்யாணம் வைக்க விடாத ரூல்தான்.

அல்சூரில் கல்யாண மண்டபம் வைத்திருந்த சேஷகிரி, இணையத்தில் பதிவு செய்யும் வசதி கேட்டு 2005-ல் அவள் கம்பெனிக்கு வந்தார். கூடவே ஒரு நிபந்தனை. பிள்ளைகள் மாதம் பார்க்காமல் ஆடியில் பதிவு செய்துவிடுகிறார்களாம், பிறகு பெரியவர்கள் வந்து ரத்து செய் என்று குதிக்கிறார்களாம். அதனால் அந்தத் தேதிகளைப் படிவமே ஏற்கக் கூடாது.

தேதிக் கட்டம் காலியாக இருக்கிறதா, எண்கள் சரிதானா என்று பார்ப்பதற்கு ஸ்ட்ரட்ஸ் என்ற அமெரிக்க மென்பொருள் சட்டகத்தில் தயாராக ரூல்கள் உண்டு. ஆடி பிறந்துவிட்டதா என்று பார்க்க அமெரிக்காவில் யார் எழுதி வைக்கப்போகிறார்கள்? ரூபினியே எழுதினாள். தமிழர் ஆடி ஒரு கணக்கு, கன்னடர் ஆஷாடம் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே ரூலுக்குள் அடக்கிப் படிவத்தோடு இணைத்தாள். விலக்கான தேதி கொடுத்தால் சிவப்பில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும்: இது மங்களகரமான நாள் அல்ல, வேறு தேதி கொடுக்கவும். அதன் தோரணையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இத்தனைக்கும் அவளுடையது பஞ்சாங்கம் நுழையாத வீடு. ஆஸ்டின் டவுனில் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். புத்தர் படத்தின் முன் பஞ்சசீலம் சொல்லி மாலை மாற்றினால் கல்யாணம் முடிந்தது, அது எந்த மாதமானால் என்ன?

சில மாதங்களில் அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பிரகாஷுக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பராமரிப்புக்காக அதை ஆகஸ்ட் முதல் வாரம் மூடுவார்கள், அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் சேர்ந்து லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். ஆகஸ்ட் முதல் ஞாயிறு என்று இரு வீட்டாரும் பேசி முடித்தார்கள். மண்டபம் பிடிப்பது என் பாடு என்று கிளம்பினார் அவள் அப்பா வெங்கடசாமி, கார்ப்பரேஷன் பூங்காவில் தோட்ட வேலை பார்ப்பவர்.

அன்று மாலை முகம் வாடித் திரும்பினார். மற்ற மண்டபங்களையெல்லாம் ஆடியில் வெள்ளையடிக்கப் பூட்டிவிடுவார்களாம். அல்சூரில் மட்டும், இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லியனுப்பினார்களாம். பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் தேதியைத் தட்டிப் பார்த்தாளாம்.

"செவப்பா ஒண்ணு வந்துச்சும்மா. உன் கல்யாண நாளு மங்களகரமான நாளு இல்லையாம்" என்றார். "இதெல்லாம் வேணாம்னுதானே எங்கப்பா தூக்கிப் போட்டாரு. இப்ப மெஷினுக்குள்ள வந்து உக்காந்துக்கினு சொல்லுது."

ரூபினிக்கு அவமானமாக இருந்தது. "அத எழுதுனது நான்தாம்ப்பா" என்றாள்.

அப்படியானால் அழிக்கவும் தெரியும்தானே என்று கேட்டுவிட்டு வெங்கடசாமி கைகழுவப் போனார்.

அழிக்கத் தெரியும், உரிமைதான் இல்லை. மறுநாள் அவள் மண்டபத்துக்கே போய் அந்த ஆகஸ்ட் தேதியைக் கேட்டாள். சேஷகிரி ஆளைப் பார்க்காமலே, ஆடியில் யாரம்மா கல்யாணம் பண்ணுகிறார்கள் என்றார்.

"நாங்க பண்றோம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ரூபினி படபடவென்று சொல்லி முடித்தாள்: ரூல் மறுக்க வேண்டாம், கேட்கட்டும். ஆடி என்று தெரிந்துதான் கேட்கிறோம் என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்தவர்களை விடும், செய்யாதவர்களை நிறுத்தும். பெரியவர்கள் வந்து குதிக்க இடமிருக்காது. மங்களகரம் என்ற பேச்சே அதில் வராது.

சேஷகிரி மோவாயைத் தடவிக்கொண்டார். "ஆயித்தும்மா, சரி, அப்படியே மாத்து. மண்டபம் விடறவன் நானு, யார் வீட்டு நாள் நல்ல நாளுன்னு சொல்ல எனக்கென்ன?"

சனிக்கிழமை வெங்கடசாமி மகளையும் கூட்டிக்கொண்டு அதே பிரவுசிங் சென்டருக்குப் போனார். அந்தப் பெண்ணை நகரச் சொல்லிவிட்டுத் தானே மௌஸைப் பிடித்தார். ரோஜாச் செடி நடுகிறவர் போல் குனிந்து, டிக் வைத்து, பொத்தானை அழுத்தினார். பதிவானது என்று வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை, மகளிடம் அதே தேதியை மறுபடியும் கொடுக்கச் சொல்லி இன்னொரு தடவை அழுத்தினார்.

சிவப்பு எழுத்து வந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. என்னவாம் இப்போது என்று கேட்டார்.

அந்த நாளில் மண்டபத்தை ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டார் எடுத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண் படித்துச் சொன்னாள்.

"யாரு எடுத்தது?"

"நாமதாம்ப்பா" என்றாள் ரூபினி.

வெங்கடசாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சிவப்பு எழுத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.