காரம் விட்ட நாக்கு

செத்தவர்களிடம் ஒரு சௌகரியம், "வாயை நன்னாத் திறங்கோ" என்று கெஞ்ச வேண்டியதில்லை. பிணவறைக்குக் கூப்பிடும்போதெல்லாம் இப்படி ஏதாவது சொல்லித்தான் என்னையே கிளப்பிக்கொண்டு போவேன். எங்கள் ஊர் கல்பாத்தியில் அம்மா, "அனந்தன் டாக்டர்" என்று பெருமையாக ஆரம்பித்து, "பல்லுக்கு" என்று குரலைத் தாழ்த்தி முடிப்பாள். பிணத்தின் பல்லுக்கும்தான் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

மழை ஓய்ந்ததும் சின்னக்கானலுக்குக் கீழே ஓடையில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. டிஎன்ஏ முடிவு வர மாதக்கணக்காகும். அதற்குள் பல்லைப் பார்த்து ஏதாவது சொல்ல முடியுமா என்று ஏட்டு ஜோபி என்னைப் பிடித்திருந்தார். பிணவறைக்கு வெளியே பெஞ்சில் சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். தம்பி வேல்முருகன் கோடையில் காணாமல் போனவன். அவன்தான் என்று தெரிந்தால் போர்த்த, மடியில் புது வேட்டி, கடைக் கவரோடு.

"சாரே, சேச்சி ஒண்ணும் பேசுறதில்ல. எல்லாத்துக்கும் தலையாட்டும், அத்ரதான்," என்றார் ஜோபி.

"தம்பி பல்லுல ஏதாவது அடையாளம் உண்டோ?" என்று கேட்டேன்.

வார்த்தைகளை நாக்கில் படாமல் கடத்துகிறவள்போல் மெல்லப் பேசினாள். "கீழ்ப்பல்லு ஒண்ணு குறுக்க திரும்பி நிக்கும் சார். எனக்கும் அப்பிடித்தான். அவன் ஒரு பல்லுகூட பிடுங்கினதில்ல."

"காட்டுங்கோ, பார்க்கலாம்."

தயங்கினாள். "பல்ல மட்டும் பாருங்க."

கதவை இடுக்காகத் திறந்து எட்டிப் பார்க்கிறவன்போல் ஒரு முன்பல் பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில், ஒரு புண். விளிம்பு பிய்ந்து, அடியில் மஞ்சளாக, சுற்றிலும் ரவை தூவியதுபோல் புள்ளிகள். தாடைக்குக் கீழே தொட்டால் நெல்லிக்காய் அளவில் கட்டி. தொங்கிக்கொண்டிருந்த மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டேன். உயிரோடு இருப்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"இருமல் உண்டா?"

"மலையில யாருக்கு சார் இருமல் இல்ல?"

"எப்படிச் சாப்பிடறேள்?"

"கஞ்சிதான். தம்பி வர்ற வரைக்கும் மொளகா தொடமாட்டேன்னு மாரியம்மனுக்கு நேந்திருக்கேன்."

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கவனிக்காமல் போனது இதனால்தான். குழம்பு எரிகிறது என்று துடித்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். விரதக்காரியைப் போய் யார் கேட்பது?

"ஒரு கல்யாண வீட்டுல மறந்துபோய் மொளகா பஜ்ஜி தின்னுட்டேன் சார். அதுக்கப்புறந்தான் நாக்கு இப்பிடி. ஆத்தா நாக்கோட விட்டிருக்கலாம். அவனையும் எடுத்துட்டா. உள்ள கெடக்கது அவந்தான்."

 உள்ளே போனேன்.

தாடையில் முன்பற்கள் ஒன்றுவிடாமல் இருந்தன. நேர்வரிசை, நன்றாகத் தேய்ந்தவை. கடைவாயில் இரண்டு பற்கள் எப்போதோ போய், குழியே தெரியாமல் எலும்பு மூடியிருந்தது. யாரோ வயதானவர். டார்ச் அடித்து இன்னொரு தடவை பார்த்தேன். நல்ல செய்தியை நான் சட்டென்று நம்புவதில்லை.

"இது உங்க தம்பி இல்லை," என்றேன் வெளியே வந்து.

அவள் அழவில்லை. "அப்ப அவன் எங்க சார்?"

பல் டாக்டருக்குத் தெரிந்தது பல்லோடு சரி. "தெரியலை. ஆனா இந்தப் புண் ஆத்தா குடுத்ததில்லை. காசநோயா இருக்கலாம், வேற ஏதாவதாவும் இருக்கலாம். சளியும், புண்ணுலேந்து துளி சதையும் எடுத்துப் பார்க்கணும். காசம்னா மாத்திரையில குணமாயிடும். பஜ்ஜிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை." வாய் சும்மா இருக்குமா? "பஜ்ஜி நன்னா இருந்ததோ?"

உதட்டோரம் லேசாக அசைந்தது. "ஆறிப்போயிருந்துச்சு சார்."

சளி எடுக்கும் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "மாத்திரை காரமா இருக்காதுல்ல?"

"கசக்கும்."

"கசக்கட்டும். நேர்ச்ச நிக்கும்ல."

நாலடி போனவள் திரும்பினாள். "உள்ள இருக்கவருக்கு ஆளுக யாரும் வந்தாங்களா?"

ஜோபி உதட்டைப் பிதுக்கினார்.

வேட்டியை என் கையில் வைத்தாள். "அவருக்குப் போடுங்க. தம்பி வந்தா அவனுக்கு வேற எடுத்துக்கிடுதேன்."

சரி என்றேன். கவரைப் பிரித்து, வேட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.