வழுக்காத தரை

"எங்க உழுந்த?"

"பாத்ரூம்ல."

"எப்டி உழுந்த?"

"சோப்பு வழுக்கி."

"இன்னா சோப்பு?"

நாகவல்லி திகைத்தாள். போன தடவை இந்தக் கேள்வி இல்லை. "செகப்பு சோப்பு, மாமா."

"கரெக்ட். ஆனா டாக்டரு கேட்டா நீ வாயத் தொறக்காத. நானே சொல்லிக்கிறேன்."

"அப்ப எனக்கு எதுக்கு இத்தினி கேள்வி?"

தேவராஜ் ஒரு பார்வை பார்த்தான். அவள் இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆவடி ராணுவக் குவார்ட்டர்ஸில் தேவராஜ் நல்ல பேர் எடுத்தவன். பட்டாளத்தில் நாயக், லாரி டிரைவர். வண்டியில் ஒரு கீறல் விழ விடமாட்டான். முந்தின நாள் சாயங்காலம் குழம்பில் உப்புக் கம்மி என்பதைக் கண்டுபிடித்து மனைவியின் கையை முறுக்கினான். உப்புக்கும் மணிக்கட்டு எலும்புக்கும் என்ன தொடர்பு என்று எந்த வைத்திய நூலிலும் இல்லை. தேவராஜின் கணக்கில் இருந்தது.

கேம்ப் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். வைத்தியம் புருஷன் பேரில்தான் நடக்கும். அவன் கூட வந்து நிற்க வேண்டும். நோவு மனைவிக்கு, வாய் புருஷனுக்கு. அவளுக்குத் தலைவலி என்றால் எந்தப் பக்கம் வலி என்பதை அவன்தான் சொல்வான். ஒரு ஹவில்தார் பிரசவ வலியையே விறைப்பாக நின்று வர்ணித்ததாகக் கேள்வி. நன்றாகவே வர்ணித்தாராம்.

அங்கே டாக்டராகப் புதிதாக வந்திருந்தாள் கேப்டன் வசந்தகுமாரி. எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவள். வருகிற பெண்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டிருந்தாள். நாகவல்லியின் கைக்கு மாவுக்கட்டு போட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"வீட்ல யாராவது உன்ன அடிக்கிறாங்களாம்மா?"

"இல்ல மேடம்!" என்றான் தேவராஜ், குதிகால் இரண்டையும் சேர்த்து.

"நான் அவங்கள கேட்டேன்."

"அவங்களும் இல்லன்னுதான் சொல்றாங்க மேடம்!"

டாக்டர், நாகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று நாகவல்லிக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் அதே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இல்லை என்றால் கையோடு போச்சு, ஆமாம் என்றால் கழுத்து. அவள் தரையைப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டா மேடம். செகப்பு சோப்பு."

வசந்தகுமாரிக்கு இது கேட்டுப் புளித்த கதை. அடுத்து வந்த லான்ஸ் நாயக்கின் மனைவி ஞானம்மாளும் பாத்ரூமில்தான் விழுந்திருந்தாள். அதற்கடுத்தவளும் அங்கேதான். கடுப்பில் டாக்டர், கேம்ப் தலைவரான கர்னலுக்கு எழுதினாள்: 'பயிற்சி மைதானத்தில் ஆண்களுக்குப் படும் அடியைவிட, நமது குவார்ட்டர்ஸ் குளியலறைகளில் பெண்களுக்குப் படும் அடி அதிகமாக இருக்கிறது. இதற்கு உடனே ஏதாவது செய்ய வேண்டும்.'

கர்னல் நேர்மையான மனிதர். குத்தல், கிண்டல் எல்லாம் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. உடனே ஏதாவது செய்தார். குவார்ட்டர்ஸில் உள்ள எல்லாக் குளியலறைகளுக்கும் தரையைக் கொத்திப் புதுசாகப் போட உத்தரவு பிறந்தது.

ஓவர்சியர் திருவேங்கடம் கொத்தனார்களோடு வந்து இறங்கினார். முதல் வீடே தேவராஜ் வீடு. பழைய தரையைச் செருப்புக்காலால் தேய்த்துப் பார்த்தார். "இதுலயா வழுக்குச்சு? ஏற்கெனவே சொரசொரன்னுதானே கீது?"

"சோப்பு சார்," என்றான் தேவராஜ்.

பக்கத்து வீட்டு ஞானம்மாள் எட்டிப் பார்த்து நாகவல்லியின் காதில் கிசுகிசுத்தாள். "ஏண்டி, தரைய கொத்துறதுக்கு உன் புருசன் கைய கொத்துனா ஒரே நாள்ல வேல முடிஞ்சிருமே?"

கட்டுப்போட்ட கையோடு நாகவல்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள்.

புதுத் தரைக்குச் சிமெண்டு பூசி, துடைப்பத்தால் கோடு கோடாக இழுத்து, திருவேங்கடம் இடுப்பில் கைவைத்து நின்றார். "எருமைய ஓட்டினு வந்து குளிப்பாட்டு. எருமைக்கு ஒண்ணும் ஆவாது." இனி இங்கே யாரும் வழுக்கி விழ முடியாது என்று கர்னலுக்கு எழுதியும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் குளிக்கப் போனான். காலுக்கடியில் சோப்புத் துண்டு கிடந்தது. தடால் என்று சத்தம். குவார்ட்டர்ஸ் சரித்திரத்தில் முதல்முறையாக ஒருவர் நிஜமாகவே பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்.

"கை குடுடி!"

"எந்தக் கைய மாமா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கத்தோடு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். தனியாக நடக்க முடியாததால் நாகவல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டே போனான். வராண்டாவில் காத்திருந்த சனம் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் வசந்தகுமாரி.

தேவராஜ் வலியில் மூச்சு வாங்கினான். கூட வந்தவர்தானே பதில் சொல்வது வழக்கம். நாகவல்லி இரண்டு காலையும் சேர்த்துவைத்து நிமிர்ந்து நின்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாரு மேடம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்ல மேடம்!" என்றாள் நாகவல்லி.

"ஐயோ, நெசமாவே உழுந்தேன் மேடம்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"ஓவர்சியர கேளுங்க மேடம்!"

ஓவர்சியரைக் கேட்டார்கள். "நான் போட்ட தரையில வழுக்க சான்ஸே இல்ல. அந்தாளு ஊட்டுல வேற இன்னாமோ நடக்குது," என்றார் திருவேங்கடம்.

மறுநாள் கேன்டீனில் தேவராஜுக்கு டீ கொடுத்தவன், "அண்ணாத்தே, அண்ணி எதால அடிச்சாங்க?" என்று அனுதாபமாக விசாரித்தான். லாரி ஷெட்டில் சிரித்தார்கள். தன் வீட்டு மானத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் தேவராஜ் கர்னல் முன்னால் போய் நின்றான்.

"சார், அடிபட்டது எனக்கு. பதில் சொன்னது அவ. அவ பக்கத்துல நின்னா நான் எப்டி சார் வாயத் தொறந்து உண்மைய சொல்ல முடியும்? யாரு சார் நம்புவாங்க? இன்னா நியாயம் இது?"

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எவ்வளவு பெரிய அநியாயம்! ஒரு சிப்பாயின் வாயை அடைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் யாருக்கும் ஏன் தோன்றவில்லை? அன்றைக்கே உத்தரவு போட்டார். இனி நோயாளி மட்டும் உள்ளே. கூட வந்தவர், அது கணவனோ மனைவியோ, கதவுக்கு வெளியே.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. வழியெல்லாம் தேவராஜ் ஒத்திகை நடத்தினான். நாகவல்லி ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் அறை வாசலில் சிப்பாய் ஜேம்ஸ் குறுக்கே கை நீட்டினான். அவள் மட்டும் உள்ளே போனாள். கதவு மூடியது.

வசந்தகுமாரி கட்டைப் பிரித்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வீட்ல யாராவது உன்ன அடிக்கிறாங்களாம்மா?"

நாகவல்லி பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. சுவர் பதில் சொல்லவில்லை.

"ஆமான்னு சொன்னா," என்றாள் மெதுவாக, "இன்னிக்கு நான் எந்த ஊட்டுக்குப் போறது டாக்டரம்மா?"

"லேடீஸ் வார்டுல கட்டில் இருக்கு. இன்னிக்கு அங்க படு. புருஷங்க யாரும் உள்ள வர முடியாது. நாளைக்கு என்ன பண்ணலாம்னு நாளைக்கு சேர்ந்து யோசிப்போம்."

நாகவல்லி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அப்ப குந்திகினு சொல்லட்டா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வெளியே தேவராஜ் மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டான். நாலாவது தடவை ஜேம்ஸ் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"உள்ள போகக்கூடாது அண்ணாத்தே. நீங்களே கேட்டு வாங்கின ஆர்டரு."

"கட்டுப் பிரிக்க இவ்ளோ நேரமாடா? இன்னும் எவ்ளோ நேரமாவும்?"

ஜேம்ஸ் கதவில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு பெண்குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தது.

"தெர்லியே அண்ணாத்தே," என்றான். "உங்களுக்குக் கல்யாணம் ஆயி எத்தினி வருசம் ஆவுது?"