வாய்க்காலில் இலவம்பஞ்சு

கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பது யார் என்று எனக்குக் கண் தெரியாது. போன பௌர்ணமியன்று அதில் மாட்டிக்கொண்டவர் ஜானி பாஷா பாய்.

அடி அண்ணாமலையில் எங்கள் சாமந்தித் தோட்டத்துக்கு மேலே, கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோறு போடும் ஓர் அன்னதானக் கொட்டகை. பௌர்ணமிதோறும் அண்டா கழுவிய தண்ணீர், எண்ணெய் மினுமினுக்க, வாய்க்கால் வழியாக எங்கள் கிணற்றில் இறங்கும். அந்தக் கிணறு கெட்டால் எனக்குத் தோட்டம் இல்லை, பிழைப்பும் இல்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவர்களிடம் எப்படிச் சண்டைக்குப் போவது?

மெத்தை தைக்கும் பாஷா பாய்தான் வழி சொன்னார். "இலவம்பஞ்சு எண்ணெயக் குடிக்கும், தண்ணியத் தொடாது. வாய்க்கால்ல அடைச்சு வச்சிரலாம்மா." அவரே பஞ்சை வலையில் மூட்டையாகக் கட்டி அடைத்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சோப்புத் தூள் மண்ணுக்கு ஆகாதே என்று பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்து, நுரை பொங்க இரண்டு குடம் கொண்டுபோய் அண்டா கழுவும் பெண்களிடம் கொடுத்தேன். சாயந்திரம் பார்த்தால், பஞ்சைத் தாண்டி வந்த தண்ணீர் மோர் மாதிரி வெளுத்திருந்தது. தொட்டால் பிசுபிசுப்பு. அத்தனை பேர் நடுவிலும் கத்திவிட்டேன்.

"உங்க பஞ்சு தூங்கத்தான் லாயக்கு பாய்!"

அவர் இரண்டு பாட்டிலில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, ஒன்றில் மட்டும் என் பூந்திக்கொட்டைக் கரைசலைச் சேர்த்தார். இரண்டையும் குலுக்கி வைத்தார். ஒன்றில் எண்ணெய் பிரிந்து மேலே வந்து நின்றது. கரைசல் சேர்த்தது வெள்ளையாகக் கலந்தது கலந்ததுதான்.

"பிரிஞ்சு நின்னாத்தாம்மா பஞ்சு புடிக்கும்" என்றார் மெதுவாக.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்தப் பௌர்ணமிக்கு அண்டாக்கள் பக்கத்தில் நானே நின்றேன். முதலில் வெறும் வெந்நீர் அலசல், அது மட்டும் வாய்க்காலுக்கு. பூந்திக்கொட்டைக் கழுவல் அப்புறம், அது வாழைக்குழிக்கு. பஞ்சைத் தாண்டித் தண்ணீர் தெளிவாக வந்தது. ஆனால் கூட்டம் ஜாஸ்தி. நாலு மணிக்கே பஞ்சு எண்ணெயில் ஊறிக் கனத்துவிட்டது. பாயிடம் வேறு பஞ்சு இல்லை.

வீட்டுக்கு ஓடி, என் இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்து வந்து நீட்டினேன்.

அவர் தையலைத் தடவிப் பார்த்தார். "இது உங்க கல்யாணத்துக்கு நான் தச்சதாச்சே, கன்னியம்மா?"

"தெரியும் பாய். அன்னிக்கு நான் பேசுனது தப்பு. பிரிச்சுப் போடுங்க."