உள்ளே வந்தவர்களின் பட்டியல்

கார்த்திகை மழை மூன்றாம் நாளாகப் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, அருந்ததியின் கணினி பேச்சை நிறுத்தியது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி பேசிய ஒலிப்பதிவை அவள் கேட்டுக் கேட்டுத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். ஒரு சொல்லைப் பாதி வாசித்ததோடு குரல் நின்றது. விசைகளை அழுத்திப் பார்த்தாள். பதில் இல்லை. பெட்டியில் காதை வைத்தபோது உள்ளே நகத்தால் சுண்டுவது போல ஏதோ ஒன்று விட்டு விட்டுச் சத்தம் போட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

அருந்ததிக்குப் பத்தொன்பது வயதில் மங்கத் தொடங்கிய பார்வை இருபத்தைந்தில் முழுவதும் போய்விட்டது. இப்போது முப்பத்தாறு. ஆராய்ச்சி நிறுவனமொன்றுக்காகப் பெண்களின் பேட்டிகளை எழுத்தாக்குவது அவளுடைய வேலை. திரையில் இருப்பதைக் கணினி தமிழில் வாசித்துச் சொல்லும். மேசைக்குக் கீழே இருக்கும் பெடலை இடது காலால் மிதித்தால் பேட்டி ஐந்து விநாடி பின்னே போகும், வலது காலால் மிதித்தால் நிற்கும். கைகள் எழுத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. கடைகளில் அப்படி ஒரு கணினி கிடையாது. லினக்ஸை எடுத்து, அவளுடைய காதுக்கும் விரல்களுக்கும் கால்களுக்கும் ஏற்றபடி ஒவ்வொன்றாக மாற்றி அமைத்தவன் அவளுடைய கணவன் கோகுலன்.

பார்வையற்றோருக்கான கணினி வகுப்பொன்றில் அவன் படிப்பித்தபோதுதான் இருவரும் பழகினார்கள். கலியாணத்துக்குப் பிறகு சண்டிலிப்பாயில் அவனுடைய வீட்டில் குடியிருந்தார்கள். குரலின் வேகத்தைச் சரிபார்க்க மட்டும் அவன் இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள், எடுத்தான். "இது உமக்கு வேகமோ? இது?" என்று கேட்டுக் கேட்டு மாற்றுவான். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், செய்ததற்கான காரணத்தோடு, ஒரு வரியில் குறித்துவைப்பது அவனுடைய பழக்கம். 'அரு: காலமையிலை காது நோகுதாம். சத்தம் குறைச்சது.' இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தன.

நான்கு வருடங்களுக்கு முன் அவன் கனடாவுக்குப் போனான். போய்ச் சேர்ந்ததும் அவளையும் அங்கே கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அங்கிருந்தபடியே அவளுடைய கணினிக்குள் நுழைந்து புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பிப்பான். முதல் வருடத்தில், வேலை முடிந்ததும் 'சாப்பிட்டீரோ?' என்று எழுதுவான். கணினி அதை வாசிக்கும். அவள் பதில் எழுதுவாள். சில ஞாயிறுகளில் மத்தியானம்வரைகூட அப்படிப் போகும்.

பிறகு எழுதுவது நின்றது. தொலைபேசி மாதத்துக்கு ஒன்றானது. ஆனால் வருவதை மட்டும் அவன் விடவில்லை. கணினிக்குள் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்ற பட்டியலை ஒரு கட்டளையில் பார்க்கலாம். அருந்ததி அதைத் தானாகவே பழகிக்கொண்டாள். காலையில் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் வாசிக்கச் செய்வாள். ஞாயிறு, ஏழு மணி நான்கு நிமிடம், கோகுலன். பதினொரு நிமிடம் இருந்திருக்கிறான். அந்தப் பதினொரு நிமிடத்தை வைத்துக்கொண்டு அவள் இரண்டு கிழமை இருப்பாள்.

கணினி நின்ற அன்று அவனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது.

"டிஸ்க் பழுதாப்போச்சு போலை. றமேஸிட்டைக் குடுத்துப் புதுசு போடச் சொல்லும். என்ரை திறப்பை அவனுக்கு அனுப்பிவிடுறன், அதை மட்டும் ஏத்தினால் போதும். ஞாயிறு காலமை உள்ளை வந்து எல்லாத்தையும் பழையபடி செய்துவிடுறன்."

திறப்பு என்று அவன் சொன்னது, அவனை அடையாளங்கண்டு உள்ளே விடுவதற்குச் சாவிபோலக் கணினியில் எழுதிவைக்கும் ஒரு நீண்ட வரி. சுன்னாகத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் றமேஸ், சனிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"புது டிஸ்க் போட்டிருக்கு அக்கா. லினக்ஸும் புதுசுதான் இருக்கு, பழையதை இப்ப எடுக்கேலாது. கோகுலண்ணையின்ரை திறப்பும் ஏத்திவிட்டிருக்கு. ஆனா புதுசிலை கனக்க மாறிப்போச்சு. அந்தப் பெடலுக்கு நான் கை வைக்கேல்லை."

கணினி ஆங்கிலத்தில், அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், திக்கித் திக்கிப் பேசியது. அடிக்கடி பாதியில் நின்றது.

ஞாயிறு காலை ஆறரைக்கே குளித்துவிட்டு வந்து அருந்ததி அதன் முன்னால் உட்கார்ந்தாள். ஏழு ஆனது. எட்டு ஆனது. கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்பதரைக்கு அவள் பட்டியலைக் கேட்டாள். அவளுடைய பெயரும் றமேஸின் கடையின் பெயரும் மட்டுமே இருந்தன.

திங்கட்கிழமை கோகுலனிடமிருந்து செய்தி வந்தது. 'வேலை கூட. வரேலாமல் போச்சு. அமைப்புகளும் குறிப்புகளும் கிடக்கிற என்ரை கோப்புறை முழுக்கத் திறந்துவிட்டிருக்கு. இறக்கிப்போட்டு உம்மடையை எடும்.' கூடவே ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் இருந்தன.

அவள் மாமாவைக் கூப்பிட்டாள். கோகுலனின் அப்பா தில்லைநாதன் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்கிறவர். மாமி செத்த பிறகு அந்த வீட்டில் அவரும் அருந்ததியும்தான். குரல் நின்றுவிடும் நேரங்களில் திரையை வாசிக்க ஒரு கண் வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பார்.

கோப்புறை இறங்கி முடிந்தது. "உள்ளை என்னென்ன கிடக்கெண்டு வாசியுங்கோ மாமா."

"அருந்ததி எண்டு ஒண்டு. கோகுலன் வீடு. கோகுலன் வேலை." அவர் நிறுத்தினார்.

"பிறகு?"

"அவ்வளவுதான் பிள்ளை."

"சரியாப் பாத்தனீங்களே?"

"ஓம், ஓம். தோட்டத்திலை தண்ணி நிக்குது, வெட்டிவிட்டிட்டு வாறன்." அவர் போய்விட்டார். மண்வெட்டியை எடுத்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் அவள் வேறெதுவும் செய்யவில்லை. பழைய அமைப்புகளைப் புதிய கணினி அப்படியே ஏற்கவில்லை. ஒலியைக் கையாளும் முறை மாறியிருந்தது. பெடலை விசைப்பலகையோடு சேர்க்கக் கோகுலன் பயன்படுத்திய மென்பொருள் புதியதில் ஓடவே இல்லை. கைத்தொலைபேசியில் தேடி, அது வாசித்துச் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தட்டினாள். இருமுறை எல்லாம் அமைதியாகி, கதவு எங்கே என்று தெரியாத அறைக்குள் பூட்டுப்பட்டதுபோல் இருந்தாள். அப்போதெல்லாம் கணினியை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் தொடக்கினாள். கோகுலன் ஏன் எதைச் செய்தான் என்பது அவனுடைய குறிப்புகளிலிருந்து ஓரளவு விளங்கியது. பெடலுக்கு மட்டும் அவனுடைய வழியை விட்டுவிட்டு வேறு வழி தேட வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை முற்பகல் தமிழ்க் குரல் திரும்பி வந்தது. பெடலில் இடது காலை வைத்தாள், ஒலிப்பதிவு ஐந்து விநாடி பின்னே போனது. அவள் மேசையில் நெற்றியை வைத்துச் சற்றுநேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு, வேலை முடிந்துவிட்டதால் தேவையில்லாதவற்றை அழித்துவிடலாம் என்று கோப்புறையின் பட்டியலை வாசிக்கச் செய்தாள். அருந்ததி. கோகுலன் வீடு. கோகுலன் வேலை. ஜெனிற்றா.

குரல் நான்கையும் ஒரே தொனியில் வாசித்தது. வகுப்பில் படித்த யாரோ, கோகுலன் உதவிசெய்யும் யாரோ என்று முதலில் நினைத்தாள். உள்ளே போனாள். அங்கேயும் குறிப்புகள் இருந்தன, அதே மாதிரி ஒற்றை வரிகளில். கடைசி வரியை வாசிக்கச் செய்தாள்.

'ஜெனிற்றா: எழுத்தைப் பெரிசாக்கினது. பிள்ளையைத் தூக்கிவைச்சுக்கொண்டு வாசிக்க.'

மாற்றம் செய்த நேரம், அவள் காத்திருந்த அதே ஞாயிறு காலை, இலங்கை நேரம் ஏழு மணி நாற்பது நிமிடம்.

அவள் அதை இன்னொருமுறை வாசிக்கச் செய்யவில்லை. மேலே இருந்த வரிகளை மட்டும், ஒவ்வொன்றாக, தொடக்கம்வரை கேட்டாள். இரண்டரை வருடக் குறிப்புகள் இருந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம், குறைத்தது. கைபேசியில் இருக்கும் படங்கள் தானாகவே ஏறுவதற்குச் செய்தது. இரவில் பிள்ளை எழும்பும், சத்தங்களை நிற்பாட்டியது.

மாமா தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவும்வரை அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"மாமா, அண்டைக்கு ஒரு பேரை வாசியாமல் விட்டிட்டியள்."

அவர் உட்காரக் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப துவக்கம் தெரியும்?"

"ரெண்டு வருசம். போன மாசியிலை பிள்ளை பிறந்தது. படம் அனுப்பினவன், நான் அழிச்சுப்போட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவன் தானே சொல்லுறன் எண்டவன். ஒவ்வொரு மாசமும் அப்பிடித்தான் சொன்னவன்."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டனான்."

"சொன்னா நீ போயிடுவாய் பிள்ளை. பிறகு இந்த வீட்டிலை நான் மட்டும்தானே."

அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு வருடமாகத் தனக்குச் சோறு போட்டு, தன்னோடு சேர்ந்து சிரித்து, காலையில் 'கோகுலன் வந்தவனோ?' என்று கேட்ட மனிதர். ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் கணினிக்குள் வர அனுமதிக்கப்பட்டோரின் கோப்பைத் திறந்தாள். கோகுலனின் திறப்பு ஒரே ஒரு வரி. குரல் அதன் எழுத்துகளையும் இலக்கங்களையும் கடைசிவரை வாசித்து, வாலில் அவனுடைய பெயரைச் சொன்னது. அவள் வரியை அழித்துச் சேமித்தாள்.

அடுத்த ஞாயிறு ஏழு பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அரு, உள்ளை வரேலாமல் கிடக்கு. றமேஸ் ஏதும் மாத்திப்போட்டானோ?"

"இல்லை. நான்தான் உங்கடை திறப்பை எடுத்துப்போட்டன்."

"ஏன்?"

"நீங்கள் திறந்துவிட்ட கோப்புறையை முழுக்க வாசிச்சனான்."

மறுபக்கத்தில் ஒரு குழந்தை எதையோ கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போக, சத்தம் தூரமானது.

"நான் சொல்லத்தான் இருந்தனான், அரு. எப்பிடித் தொடங்குறதெண்டு தெரியேல்லை."

"சொல்லாததுக்குப் பதிலாத்தான் உள்ளை வந்து வந்து போனீங்களோ?"

"அதையாவது செய்யவேணும் எண்டு நினைச்சன்."

அவளுக்கு அது பொய்யாகப் படவில்லை. பொய்யாக இருந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"இனி ஆர் பாக்கிறது?" என்று அவன் கேட்டான். "ஆறு மாசத்துக்கொருக்கால் எல்லாம் மாறும். சத்தம் நிண்டுதெண்டா என்ன செய்வீர்?"

"போன கிழமை நிண்டதுதானே. பிறகு வந்தது."

"பெடல்?"

"அதுவும் வேலைசெய்யுது. வேறை மாதிரிச் செய்திருக்கிறன்." பிறகு கேட்டாள்: "பிள்ளையின்ரை பேர் என்ன?"

"ஹன்னா."

"நல்ல பேர்," என்று சொல்லி அருந்ததி தொலைபேசியை வைத்தாள்.

நின்றுபோன பேட்டியை அந்தக் கிழமையே எழுதி முடித்து அனுப்பினாள். புத்தூரில் இருக்கும் தமையன் சுபாங்கனுக்கு அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவன் இரண்டாம் நாளே ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். மாமாவோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. உடுப்புப் பையையும் பெடலையும் கொண்டுபோய் ஓட்டோவில் வைத்தான்.

கணினிப் பெட்டியை மாமாதான் தூக்கிவந்தார். மழைத் தூறலுக்குப் பொலித்தீன் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"கீழை வையாதை பிள்ளை. மடியிலை வைச்சிரு. றோட்டு சரியில்லை."

"ஓம் மாமா."

"புத்தூரிலை கறண்ட் ஒழுங்கோ?"

"அடிக்கடி போகும். அண்ணை ஏதோ ஒழுங்கு செய்து தாறன் எண்டவர்."

அவள் கையை நீட்டினாள். மண்ணும் வெங்காய வாசமும் ஒட்டியிருந்த மாமாவின் கை, அவளுடைய விரல்களை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டது.

"மத்தியானத்துக்கு என்ன செய்வியள்?" என்று அவள் கேட்டாள்.

"பேக்கரிப் பாண் இருக்கு."

ஓட்டோ குறுகலான ஒழுங்கையை விட்டு வெளியேறித் தார் றோட்டில் ஏறியது. சற்றுத் தூரம் போனதும் சுபாங்கன் முன்னிருந்து சொன்னான்: "மனுசன் இன்னும் மழைக்குள்ளைதான் நிக்கிறார்."

பள்ளம் வந்த இடங்களில் அருந்ததி பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். புத்தூர் வரும்வரை அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.